ஐந்தில் முடியும் வயதுகள்

பீல் நகரில் தெருக்களுக்கு இரண்டு மொழியில் பெயர்.
கீழ்வீட்டு ஏஷ்லிமான் இறந்தது ஒரு செவ்வாய், காலை நாலு பதினேழு.
புதனுக்குள் நகரசபைக்குத் தெரியும்,
வெள்ளிக்குள் ஓய்வூதியக் கந்தோருக்கு.
அவருடைய நாய்க்கும் வரிப் பதிவேட்டில்
ஒரு கடைசித் தேதி இருக்கிறது.

நான் நாலாம் மாடியில், காதில் கருவி மாட்டிக்கொண்டு,
பதிவேடு கச்சேரியோடு எரிந்துபோன ஊர்களின் சாவுகளைக்
கேட்டுக் கேட்டு நிரப்புகிறேன்.
மணிக்கு முப்பத்தொரு பிராங்க்.

முறை எளிது.
செத்தவரிடம் கேட்க முடியாது, கூடப்பிறந்தவரிடம் கேள்.
உங்கள் அம்மா எத்தனை பிள்ளை பெற்றா?
இன்றைக்கு எத்தனை பேர் இருக்கினம்?
இல்லாதவர் எந்த வயதில், எத்தனை வருடம் முன்னே?

திலகேஸ்வரி, ஐம்பத்தேழு.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை,
இடைவேளையில்தான் பேசுவா.
பின்னால் எந்திரம் சுற்றுகிற சத்தம்.

"ஆறு பேர்" என்றா.
பிறகு, "ஏழெண்டும் சொல்லலாம்.
ஒண்டு ரெண்டு நாள்தான் இருந்தது. பேர் வைக்கேல்லை.
அதையும் எழுதுவியளோ?"
எழுதுவம் அக்கா, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகினம்.
பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
கோட்டைக் கணினி மறுக்கவில்லை.

அண்ணன் முப்பத்தைந்து. அக்கா நாற்பது. தம்பி இருபது.
எல்லாச் சாவும் ஐந்திலோ சைபரிலோ போய் முடிகிறது.
அவவின் பிழை இல்லை,
நாலாயிரம் படிவத்திலும் இப்படித்தான்.
வரைந்து பார்த்தால் வயதுகள்
வேலிக் கதியால் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும்.
அதை மழித்துச் சமமாக்க எங்களிடம் ஒரு சூத்திரம் உண்டு.

நன்றி சொல்லப் போகும்போது கேட்டா:
"எங்கட வீட்டுக்கு எதிர்வீடு. செபமாலையின்ர ஆக்கள்.
தாய், தேப்பன், அஞ்சு பிள்ளையள்.
பங்கருக்குள்ளயே எல்லாரும்.
அவையளைப் பற்றி உங்களுக்கு ஆர் சொல்லுவினம்?"

படிவம் அவரவர் தாயின் வயிற்றோடு நின்றுவிடும்,
படலை தாண்டி எதிர்வீட்டுக்குப் போகாது.
"அது வேற கணக்கு, அக்கா" என்றேன்.

வேறு கணக்குத்தான்.
ஒவ்வொரு குடும்பத்தையும்
மிஞ்சியவர் எண்ணிக்கையால் வகுக்கிறோம்:
மூன்று பேர் மிஞ்சினால் மூன்றால்,
ஒருத்தி மிஞ்சினால் ஒன்றால்.
செபமாலை வீட்டுக்கு வரும்போது
பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான்,
சைபரால் வகுக்கக் கூடாது.

மேலாளர் கொரின் நல்லவள். கேட்டுவிட்டுப்
பேனையை மேசையில் வைத்தாள், திரும்ப எடுத்தாள்.
அடிக்குறிப்பில் போடுவோம் என்றாள்:
உண்மை எண் இதைவிடக் குறையாது.
எட்டுப் புள்ளி எழுத்தில், பக்கத்தின் அடியில்,
ஏழு பேருக்கும் சேர்த்து.

இரவு எட்டு மணி. மேலங்கியை மாட்டிவிட்டேன்.
மேசைத் தொலைபேசி.
"தங்கச்சி, தம்பிக்கு இருவது எண்டு சொல்லிப்போட்டன்.
துணி மடிக்கேக்க விரலில எண்ணிப் பாத்தன்.
பத்தொன்பது. இருவதுக்கு ரெண்டு மாதம் கிடந்தது.
இனி மாத்தேலுமோ?"

மேலங்கியோடே உட்கார்ந்து கணினியைத் திறந்தேன்.
இருபதிலிருந்து இருபத்துநாலு வரைக்குமான வரியில்
அவனைத் தேடி எடுத்து
ஒரு வரி மேலே வைத்தேன்.

"மாத்தியாச்சு."

"ம்" என்றா.
எந்திரம் தண்ணீரை வடிக்கத் தொடங்கியது.
இரண்டு பேரும் வைக்கவில்லை.