நூற்றுக்கு மூன்று

கோரமங்கலா இரண்டாம் பிளாக்கில்
மாடியேறிப் பார்த்தால் விண்மீன் ஒன்றும் தெரியாது.
சில்க் போர்டு பக்கமிருந்து ஆரஞ்சுப் புகை,
பாதி கட்டிய தூணின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு.
எனக்கு அது குறையில்லை.
என் விண்மீன் எண்களாக வருகிறது,
நொடிக்கு இத்தனை ஒளித்துகள் என்று.

அது ஒரு வெண்குள்ளன். செத்துப்போனது.
செத்ததனாலேயே நம்பலாம்:
துடிக்காது, பொங்காது.
முத்திரை குத்திய எடைக்கல் மாதிரி
அதை வானத்தில் வைத்திருக்கிறோம்.
மாதம் ஒருமுறை தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பி
சரியாக நிறுக்கிறாயா என்று கேட்போம்.

நிறுத்துக்கொண்டுதான் இருந்தது.
பிழைக்கோட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து இறங்கி
ஒன்றரை வருடம் கழித்து, இந்தச் சித்திரையில்
நூற்றுக்கு மூன்று குறைவாய் வெளியே வந்தது.

முதலில் என்னைச் சந்தேகித்தேன்.
மூடி திறக்காமல் எடுத்த இருட்டைக் கழித்தேனா,
வாசுகி எழுதிய நிரலில் ஒரு கமா இடம் மாறியதா.
ஷைலஜா ஹெக்டே கன்னடத்தில் திட்டிக்கொண்டே
ஆறு வாரம் கூட உட்கார்ந்தாள்.
கடைசியில் கண்டோம்:
ஏதோ பசையிலிருந்து கசிந்த ஆவி
ஆடிமேல் சில மூலக்கூறு கனத்துக்குப் படிந்திருக்கிறது.
அத்தனை உயரத்தில் துடைக்க ஆளில்லை.
பெருக்கத்தான் முடியும்:
ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று ஒன்றால்.

அதற்குப் பிறகுதான் ஜெபநேசன் நினைவுக்கு வந்தான்.
ஒரு விண்மீன் மெல்ல மங்குகிறது என்று
கட்டுரை எழுதி, நடுவர்களுக்கு அனுப்பி,
அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டவன்.

கேன்டீனில் பிசிபேளேபாத்தை ஆறவிட்டு
போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.
படியில் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை.
வரைபடத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
என் கோடும் அவன் கோடும்
ஒரே சரிவில் இறங்கின.

நெடுநேரம் பூந்தியை
ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுக்கினான்.
"அப்போ அதுக்கு ஒண்ணும் இல்லையா?"
"இல்ல. நல்லாத்தான் இருக்கு."
"எவ்வளவு தூரம் தெரியுமா அது" என்றான்,
என்னிடமில்லை, தட்டிடம்.

பிறகு டிஷ்யூ காகிதத்தை விரித்து
பேனா கேட்டான்.
"அந்த எண், எத்தனை தசமம் வரைக்கும் நம்பலாம்?"
"மூணு."
"நாலு தர முடியாதா?"
மூன்றுதான் என்றேன்.