தடைக்காலத்துச் செவி

சித்திரையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்ட அன்றிரவு
மண்டபத்து ஐஸ் கம்பெனியின் அரவை நின்றது.
எனக்குத் தூக்கம் இல்லை.
அமைதி ஒரு சாமான் போல
அறைக்குள் கிடந்து காலில் இடறியது.

நான்காம் நாள் பல்லி கேட்டது.
ஆறாம் நாள் அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜ்.
பத்தாம் நாள், ரொசாரியோ வீட்டுச் சண்டையில்
யார் முதலில் மன்னித்தார்கள் என்பதுவரை.

சீனி அசன் வந்தது மறுநாள்.
பெரியபட்டினம். சங்கு குளிக்கிறவர். வயது நாற்பத்து மூன்று.
இடது காதில், நாலாயிரம் ஹெர்ட்ஸில்,
என் வரைபடம் கிணறாக இறங்கியது.

"கேக்கலங்குறது பெரிசில்லம்மா.
கேக்குறதுதான் தொந்தரவு.
பாங்கு முடிஞ்ச பொறவும்
ஒரு கம்பிய இழுத்துக்கிட்டே கெடக்கு.
பக்கத்துல நிக்கிறவனுக்கு இல்ல. எனக்கு மட்டும்."

எப்படிச் சொல்வது.
உட்செவியில் மயிர்செல்கள் மடிந்த இடத்திலிருந்து
தபால் நின்றுபோயிற்று.
மேலே காத்திருக்கும் நரம்புச் செல்
அனுப்பியவன் இறந்தான் என்று எடுத்துக்கொள்ளாது,
குறை தன் பக்கம் என்று நினைக்கும்.
வாசலில் இன்னும் சில ஏற்பிகளை நடும்.
இன்னும் சில.
கடைசியில் வெற்றிடத்தின் முணுமுணுப்பே
கடிதமாகிவிடும்.
அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும்.

வலையில் சிக்கும் பேத்தையை நம் கரையில் எறிந்துவிடுவார்கள்.
ஊதிக்கொண்டு மணலில் கிடக்கும்.
அதன் நஞ்சைத் துளியிலும் துளியாக,
கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்மேல் விட்டு
இரண்டு நாள் வாயடைத்து வைத்ததைப்
படிக்கிற காலத்தில் பார்த்தேன்.
கழுவிவிட்டதும்
முன்னைவிட உரக்கப் பேசின.
அதுவல்ல வியப்பு.
உரத்த இணைப்பும் மெலிந்த இணைப்பும்
ஒரே மடங்கில் உயர்ந்திருந்தன:
இரண்டு மூன்றான இடத்தில்
நாலு ஆறாகியிருந்தது.
கற்றதன் உருவம் கலையவில்லை.

கச்சான் அடித்தால் வடகடலுக்கும்
வாடை வந்தால் தென்கடலுக்கும்
வள்ளத்தை மாற்றிக் கட்டுகிற ஊர் இது.
அடுப்பு ஒரே அளவில் எரிய
வருஷத்துக்கு இரண்டு தடவை கடலையே மாற்றுகிறோம்.
நிலையாக இருப்பது என்ற சொல்லுக்குள்
எத்தனை சுமை தூக்கல்.

"காது கெட்டுப்போச்சுன்னு மட்டும் நெனைக்காதீங்க.
உள்ள ஒண்ணு விடாம வேலை செய்யுது" என்றேன்.
கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார்.
"அதுக்கு யாராச்சும் சொல்லக் கூடாதாம்மா,
போதும்னு?"

கருவி ஒன்று எழுதிக் கொடுத்தேன்,
இழந்த சத்தங்களில் கொஞ்சமாவது போய்ச் சேரட்டும் என்று.
ராத்திரி ஃபேன் ஓடட்டும் என்றேன்.
இனி முங்கக் கூடாது என்றேன்.
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"முங்கினாத்தாம்மா அது அடங்குது.
கொமிழிச் சத்தத்துல."

ஆனி பிறந்தது. படகுகள் போயின.
அரவை திரும்பிய முதல் இரவு
ஐஸ்கட்டி ஒவ்வொன்றும் என் பல்லில் உடைந்தது.
ஒரு வாரம். பிறகு இல்லை.
இயந்திரம் அதேதான், கத்துவதும் அதே கத்தல்.
என்னைக் கேட்காமல் யாரோ
உள்ளே வாசல்களைப் பிடுங்கி அடுக்கியிருக்கிறார்கள்.

ரொசாரியோ வீட்டில்
இப்போது யார் மன்னிக்கிறார்கள் என்று
தெரியவில்லை.