கலண்டர்த் தாளில் உப்பு

வியாழக்கிழமை கிளினிக்.
அக்கராயனிலிருந்து முதல் பஸ், ஐந்தே காலுக்கு.
கொப்பி என் கையில், குடை அவர் கையில்.
இப்போதைக்கு அவருக்கு அனுமதித்த பாரம் அதுதான்.

"நவரத்தினராசா" என்று தாதி கூப்பிட
இரண்டு பேரும் எழும்புவோம்.
"ஆருக்கம்மா நெஞ்சு வருத்தம்?"
அவவுக்கு ஒவ்வொரு மாதமும் சிரிப்பு.

யாழ்ப்பாணத்தில் குழாய் வைத்து அனுப்பிய அன்று
டொக்டர் சொன்னார்:
மண்வெட்டி வேண்டாம், மூட்டை வேண்டாம்,
சுருட்டு வேண்டவே வேண்டாம்,
உப்பைக் குறையுங்கோ.
"உப்பில்லாமல் சாப்பிடுறது
எங்களுக்குப் புதிசில்லை டொக்டர்" என்றார் இவர்.
அந்தப் பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதிருக்கும்.
விளங்கவில்லை.
நாங்களும் விளக்கவில்லை.

வந்த இரவே மண்வெட்டியைக்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.
விடியப் பார்த்தால்
கழுவின ஈரத்தோடு கதவடியில் சாத்தியிருக்கிறது.
வாழைக்கு வாய்க்கால் வெட்டியாயிற்று.
மூன்று நாள் நான் கதைக்கவில்லை.
குளிசை நேரத்துக்கு மட்டும்
தண்ணீர்ச் செம்பை டொக்கென்று வைத்தேன்.
அவர் விழுங்கிவிட்டு
செம்பை அதே மாதிரி டொக்கென்று திருப்பி வைத்தார்.

பிறகு லான்மாஸ்டர்.
வயிற்றுப்பாட்டுக்கு அது ஓடவேணும்,
அவர் சுற்றக்கூடாது.
வேலிக் கதியாலைப் பிடித்தபடி நின்று
"லீவரைப் பிடியும்.
சுத்தும், சுத்தும், இப்ப விடும்" என்றார்.
ஐந்தாம் தரம் அது இருமிப் புகைத்து எழும்பியது.
என் முகம் முழுக்கக் கரி.
அவர் நெற்றியில் என்னைவிட வியர்வை.
பயந்துபோய் இறங்கி ஓடி வந்தேன்.
"நெஞ்சில்லையப்பா, இது பெருமை" என்றார்.
எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டு நின்றது.

இரவில் யானை வெடி கேட்டால்
வாழையைப் பார்க்க ஓடுகிறவள் நான்.
இப்போது கை முதலில் அவர் நெஞ்சுக்குத்தான் போகிறது.
வெடி இல்லாத இரவுகளிலும் போகிறது.
மூச்சு வருகிறதா என்று
மூக்கடியில் விரல் வைக்கிறதும் உண்டு.
ஒருநாளும் அவர் கண் திறந்ததில்லை.
தொண்டையை மட்டும் ஒருக்கால் செருமுவார்.
இருக்கிறேன், படும் என்று அதற்கு அர்த்தம்.
ஆக, அவரும் நித்திரையில்லை.

வீட்டில் ஒரே சட்டி, ஒரே குழம்பு, உப்பில்லை.
எனக்கென்று புறம்பாகச் சமைக்க மனம் வரவில்லை.
பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு
சேலைத் தலைப்பில் உப்பு முடிந்து
இழுவைக்குப் போனேன்.
முதிரை மரத்தடியில் பெட்டியைத் திறந்து
முடிச்சை அவிழ்த்துத் தூவித் தின்றேன்.
களவு ருசிதான், இறங்குகிறபோது
தொண்டையில் தடக்கும்.

ஒருநாள் சேலையை அவர் தோய்த்துவிட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த நாள் சோற்றுப் பெட்டிக்குள்
நாலாய் மடித்த கலண்டர்த் தாள்,
உள்ளே ஒரு கிள்ளு உப்பு.
முதல் நாளுடைய தாள்.
காலையில் கிழிக்கிறதை எறியாமல் மடிக்கிறார்.
நானும் எறிவதில்லை.
லான்மாஸ்டர் ஆயுதப் பெட்டிக்குள்
நூற்றுப் பதினாறு தாள் இருக்கிறது.
அவர் இருந்து முடித்த நூற்றுப் பதினாறு நாள்.
எண்ணுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

இன்றைக்கு மடிப்பில் உப்புக் குறைவு.
தாளின் ஓரம் ஈரமாய்க் கிடக்கிறது.
பின்னேரம் போய்க் கேட்கவேணும்,
ஆர் நக்கினது என்று.