விதி நான்கு

தீபாவளி முடிந்து மறுவாரம்தான் இடம் கிடைத்தது.
பூன் லே, வீவக புளோக்கின் கீழ்த்தளம்.
ஆறு மடக்கு மேசைகள்,
தூணுக்குத் தூண் மினுக்கும் விளக்குச் சரம்,
பாதி எரிந்தது.
கேள்வித்தாள் என்னுடையது. நடுவரும் நானே.
முறுக்கு டின்னுக்கு விலை பேசியவளும் நானே.

சிங்கப்பூரை எழுபத்திரண்டு துண்டாக வெட்டியிருந்தேன்.
ஆறு பிரதிகள்,
ஆரஞ்சுப்பழம் வந்த பெட்டிகளில் ஒட்டி,
சமையலறை மேசையில், மூன்று இரவுகள்.
வளைத்து வெட்டப் பொறுமையில்லை,
எல்லாம் சதுரம்.
பிடோக் பக்கம் கொஞ்சம் பிசிறடிக்கும்,
அங்கே வரும்போது கத்தி மழுங்கிவிட்டது.

விதி ஒன்று: கைப்பேசி கூடாது.
விதி இரண்டு: பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கக் கூடாது.
விதி மூன்று: நடுவர் தீர்ப்பே முடிவு.
மூன்றோடு நிறுத்தினால் தாள் மொட்டையாகத் தெரிந்தது,
அதனால் விதி நான்கு:
துண்டுகளைக் கவிழ்த்துப் போடக் கூடாது.

விசில் ஊதினேன்.
காற்றை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.
முதல் நிமிடமே இரண்டாம் மேசையின் செந்தோசா
பறந்து போனது, யார் செருப்புக்கடியிலோ.
மைலோ டம்ளர்களை மேலே வைத்து
தீவை அமுக்கிப் பிடித்தார்கள்.

கடல் விலகிப்போன கடற்கரைச் சாலை எங்கே
என்ற கேள்விக்கு எல்லாரும் எழுதினார்கள்.
ஈசூன், செம்பவாங்குக்கு மேலா கீழா என்று
மங்கையர்க்கரசிக்கும் கணவருக்கும்
வீட்டில் மிச்சம் வைத்த சண்டை ஒன்று
இங்கே வந்து சேர்ந்துகொண்டது.
இரட்டைப் பெண்கள் இருவரும்
அந்த இடைவெளியில் வடக்கை முடித்தார்கள்.
பேருந்து ஓட்டுநர் லூர்துநாதன்
திசை எதுவும் பார்க்கவில்லை.
தடம் எண்களை முணுமுணுத்தபடி
சீட்டுக்கட்டு போல ஊர்களை இறக்கினார்.

ஆறாம் மேசையில் கை உயர்ந்தது.
துவாஸ் விடுதியிலிருந்து வந்த நால்வர்,
மடிப்புக் கோடு கலையாத பண்டிகைச் சட்டைகள்.
எழுந்தவர் வேல்ச்சாமி.
"அக்கா, மேப்பு தப்பு."
எது?
தென்மேற்கு மூலை, எழுபத்தொன்றாம் துண்டு, முழு நீலம்.
"இங்க தண்ணி இல்லக்கா. மண்ணு கொட்டியாச்சு.
நான்தான் ரோலர் ஓட்டுறேன், நைட்டு ஷிப்டு."

என் விடைத்தாளில் அது கடல்.
முதல் விதியை நானே மீறிக் கைப்பேசியைத் திறந்தேன்.
அதிலும் கடல்.
"அப்ப நேத்து ராத்திரி
நான் எங்கக்கா நின்னேன்?"
கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன்.
பதிலுக்குக் காத்திருந்தார்.

லூர்துநாதன் தலை நிமிராமலே சொன்னார்:
"அங்க பஸ்ஸு போகாது.
பஸ்ஸு போகாத எடம் எடமே இல்ல."
கீழ்த்தளமே சிரித்தது. வேல்ச்சாமியும்.

சிரித்துக்கொண்டே நகத்தால் நெம்பி
நீலத் துண்டைப் புரட்டிப் போட்டார்.
சதுரம்தானே, சரியாக உட்கார்ந்தது.
அட்டையின் பழுப்பு,
மழை காணாத மண்ணின் நிறம்.
அதில், பெட்டியை நிமிர்த்தி வைக்கச் சொல்லும்
சிவப்பு அம்புக்குறி,
இன்னும் தள்ளி, வெறும் மேசையைக் காட்டியது.
பரக்கத்துல்லா குனிந்து
அதன் மேல் ஒரு டம்ளரை வைத்தார்.

"ஆன்ட்டி, விதி நான்கு!"
இரட்டையரில் ஒருத்தி.
எனக்கும் தெரியும்.
இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
முதல் பரிசு லூர்துநாதன் மேசைக்கு,
மூன்றாவது ஆறாம் மேசைக்கு: ஒரு முறுக்கு டின்.
அங்கேயே திறந்து மேசை மேசையாக நீட்டினார்கள்.
அந்தப் பெண் இரண்டு எடுத்தாள்.
நான் வேண்டாம் என்றேன், பிறகு எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டு
துண்டுகளை எண்ணிப் பைகளில் போட்டேன்.
இரண்டாம் பையில் ஒன்று குறைந்தது.
செந்தோசா யார் வீட்டுக்கோ நடந்து போயிருக்கும்.
ஆறாவது பையில் எல்லாம் இருந்தன,
ஒன்று மட்டும் கவிழ்ந்து.

அடுத்த வருடத் தாளுக்காக
அன்றிரவே பேனா எடுத்தேன்.
நான்காம் விதியை அடித்தேன்.
மூன்றாவதன் மேல் பேனா முனை
கொஞ்ச நேரம் நின்று
மையாக ஊறியது.