ஏழரை

பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்தல்ல.
எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர்
எழுதினார், ஓய்வு பெற்றார், செத்தும் போனார்.

ஆட்லி, க்வென்டின். வயது பதினைந்து.
டென்னிஸ் ஷூ ஒரு ஜோடி, அளவு ஏழரை.
வீட்டுச் சாவி ஒன்று.
டெட்ராய்ட் பஸ் மாற்றுச்சீட்டு, ஓரம் கிழிந்தது.
முப்பத்தைந்து சென்ட்.

திருப்பிக் கொடுத்த தேதி என்ற கட்டத்தில்
ஒரு கோடு.
காலியாக விட்டிருக்கலாம்.
அவர் ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறார்.

பிறகு சட்டம் மாறியது.
பையன்களுக்குச் சாகும்வரை என்று
கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாதாம்.
அதற்குள் பையன்களுக்கெல்லாம் நரைத்துவிட்டது.

பிப்ரவரியில் பரோல் விசாரணை.
கோப்பைத் தூக்கிப்போனதால்
கடைசி நாற்காலியில் நானும் இருந்தேன்.
ஜன்னல் பாதிவரை பனி.
கடைக்காரர் யால்டூவின் மகள் திரையில்,
குரல் விட்டுவிட்டு வந்தது.

"ஏன் சுட்டாய்?"
கல்லாவுக்குக் கீழே அவர் கை போனது என்றே
முப்பது வருடமாகச் சொல்லிவந்தவன்.
எல்லா மனுவிலும் அதே வாக்கியம்.
அன்று சொன்னான்:
"கை மேலேதான் இருந்தது.
இரண்டு கையும்."

அவனுடைய வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ரீட்டா யால்டூ.
"சிகரெட் பெட்டிகளுக்குப் பின்னால்
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது வயது.
குழந்தையிடம் என்ன கேட்பது என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை."

பதினைந்தை மட்டும்
பெரிய ஆள் என்று எழுதிய அதே ஊர்.

விடுங்கள் என்று அவள் சொல்லவில்லை.
விடாதீர்கள் என்றும் சொல்லவில்லை,
போன தடவை சொன்ன மாதிரி.
யாரிடமோ தண்ணீர் கேட்டாள்.
குடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

ஜூனில் அவன் என் ஜன்னலுக்கு வந்தான்.
விதிப்படி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன்.
ஷூவின் ரப்பர் பிஸ்கட்டாக நொறுங்கியது.
அவன் கால் இப்போது பதினொன்று.
இருந்தும் நுனிவிரல்களை உள்ளே விட்டுப் பார்த்தான்;
நான் ஸ்டேப்ளரில் பின் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சாவியை எடுத்துக்கொண்டான்.
அந்த வீட்டை இடித்தாயிற்று என்று
அவன் அக்கா எழுதிய கடிதம்
கோப்பில் இருக்கிறது.
சில்லறையை எண்ணினான், சரியாக இருந்தது.

கோட்டின் மேலேயே தேதி எழுதினேன்.
பழைய மையில் புதிய மை ஏறவில்லை.
இரண்டாம் தடவை அழுத்தியதில்
தாள் கிழிந்தது.

ஷூவை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.
விட்டுப்போனதைக் குறிக்க
இந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.