பதினாறாம் வளைவின் கண்ணாடி

ஏழு மணி பஸ்ஸில் ஏறி
இருபதாம் வளைவில் இறங்கிக்கொள்வேன்.
அங்கிருந்து கீழ்நோக்கி நடை.
ஒரு வாளி, பழைய வேட்டித் துணி இரண்டு,
பாட்டிலில் சோப்புத் தண்ணீர்.
எந்தப் பாறையில் ஊற்று கசியும் என்று தெரியும்,
கோடையில் எதை நம்பக் கூடாது என்றும்.

நெடுஞ்சாலைத் துறையில் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன்.
தற்காலிகம் என்பதைச் சேர்ப்பதில்லை.
ஒன்பது வருடமாகத் தற்காலிகம்.

வளைவுகளில் நிற்கும் குவிந்த கண்ணாடிகளைத் துடைப்பது,
அவ்வளவுதான்.
டீசல் புகை, செம்மண்,
பலாப்பழம் தின்ற கையோடு
தன்னையே அறைந்துவிட்டுப் போன குரங்கின் விரல்கள்,
யாரோ வரைந்த இதயம், அதற்குள் இரண்டு எழுத்து.
இதயத்தை மட்டும் கடைசியில் துடைப்பேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
மார்கழியில்
துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூடிக்கொள்ளும் பனி.
ஒருமுறை ஆத்திரத்தில் கண்ணாடியை ஏசினேன்.
உள்ளே ஒருத்தி, மூக்கு மட்டும் பெருத்தவள்,
திருப்பி ஏசினாள்.

மேலே எஸ்டேட்டுகளுக்கு முள்வேலி.
கீழே கோரிமேட்டில் என் வீட்டுக்கு வாடகை.
நடுவே இந்த மலையில் எனக்கென்று ஒரு சாண் இல்லை.
ஆனாலும் ஒன்பதாம் வளைவில் எவனாவது
குப்பைப் பையை வீசிப் போயிருந்தால்
என் வாசலில் கொட்டியதுபோல் எரிகிறது.

செவ்வாயும் வெள்ளியும் சிலிண்டர் லாரி ஏறும்.
ஓட்டுவது யாக்கோபு. என் வீட்டுக்காரர்.
கண்ணாடிக்குள் முதலில் புளியங்கொட்டை அளவு வருவார்,
அப்புறம் மீசை தெரியும்.
இரண்டு ஹாரன்:
ஒன்று வளைவுக்கு, ஒன்று எனக்கு.

அந்தச் செவ்வாய் ஒன்றுதான் அடித்தார்.
முந்தின இரவு ஓசூர்ப் பேச்சு.
கம்பெனி வண்டி, பி.எஃப்., சமதளம்.
"அங்க நீ கண்ணாடி தொடைக்க வேணாம்" என்றார்.
அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு ஆகவில்லை.

பதினாறாம் வளைவு.
துணியைப் பிழிந்துகொண்டு நிற்கிறேன்.
கண்ணாடியின் இடது ஓரத்தில் அவர் லாரி.
வலது ஓரத்தில், மேலிருந்து,
பாட்டுச் சத்தத்தோடு ஒரு சுற்றுலா வேன்.
அவருக்கு அது தெரியாது, அதற்கு அவரைத் தெரியாது.
எனக்கு இரண்டும் தெரிகிறது,
ஒரே தட்டில் வைத்த இரண்டு பொம்மைகள்போல.
கத்தினேனா?
கத்தியிருந்தாலும் அந்தப் பாட்டில் கேட்டிருக்காது.
வேன்காரன் கண்ணாடியைப் பார்த்தான்.

ஒரு முழம் இடைவெளியில் நின்றன.
திட்டிக்கொண்டார்கள், பின்னால் எடுத்தார்கள், போனார்கள்.
வேனில் எத்தனை பேர் என்று எண்ணவில்லை.
ஜன்னலோரம் ஒரு பெண்
வாந்திக்குப் பையைப் பிடித்திருந்தாள்.
அவள் முகம் மட்டும் இன்னும் இருக்கிறது.

அலுவலகத்தில் விபத்துப் பதிவேடு உண்டு, சிவப்பு அட்டை.
நடக்காமல் போனதை எழுத
அதில் கட்டம் கிடையாது.
கை நடுங்கியது.
அழுக்கே இல்லாத கண்ணாடியை
இன்னொரு தடவை துடைத்தேன்.

சாயங்காலம் அடிவாரம்.
காலி சிலிண்டர்கள் ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில்
தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.
"பதினாறு இன்னைக்குப் பளிச்சுன்னு இருந்துச்சு"
என்றார், மலையைப் பார்த்துக்கொண்டு.
ஓசூரை அவர் எடுக்கவில்லை.
நானும் முடிக்கவில்லை.
"காரம் பத்தல" என்றேன்.
என் தட்டை வாங்கிக்கொண்டு
மறுபடியும் கடைக்குப் போனார்.