அன்டெனா பிடித்தவன்

சனிக்கிழமை காலை எட்டரை.
கெர்ப் வீதி, மூன்றாம் மாடி,
மொன்றியலில் நாங்கள் கண்ட இரண்டாவது பனிக்காலம்.
பள்ளிக்கூடம் பிரெஞ்சில், சண்டை தமிழில்,
தொலைக்காட்சி மட்டும் ஆங்கிலத்தில்.
எல்லைக்கு அப்பால் வெர்மொண்ட் மலையிலிருந்து
விசாவும் விசாரணையும் இல்லாமல்
ஒரு அலைவரிசை எங்கள் குசினிக்குள் வந்துவிடும்.

சும்மா வராது.
துவாரகன் குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்
ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.
ஒரு கையில் அன்டெனா,
மறுகை ஹீட்டர் குழாயைத் தொட்டும் தொடாமலும்.
அவன் மூச்சு விட்டால் படத்தில் பனி கொட்டும்.
நிற்கிற இடத்திலிருந்து அவனுக்குத் திரை தெரியாது.
"என்ன நடக்குது? சொல்லடி."

சொல்வேன்.
சுரங்க ரயிலில் ஆட்கள் தவறவிட்ட கையுறைகள்,
ஒன்றுக்கும் சோடி இல்லை,
இரவானதும் பெட்டியைத் திறந்து எழும்பி
தலையணை மொத்தத்து நாவல்களை
அரைமணி நேரத்தில் நடித்து முடிக்கும்.
பழுப்புத் தோல் கையுறைதான்
எப்போதும் பிரபு, கப்பல் தலைவன், நீதவான்.
வெள்ளை ரப்பர், வேலைக்காரி; சிலவேளை பேய்.
விரல் பிரியாத சின்னக் கம்பளி
எல்லாக் கதையிலும் அனாதைப் பிள்ளை.
சுட்டுவிரலில் ஓட்டை விழுந்த சிவப்புக் கம்பளிக்கு
விதவையைத் தவிர வேறு வேடம் கொடுக்கமாட்டார்கள்.
அது அழும்போது ஓட்டைக்குள்ளால்
யாரோ ஒரு மனுசியின் நகம் தெரியும்.

நகத்தைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒன்பது வயது. பாதி விளங்காது.
விளங்காத பாதியை நானே போட்டேன்.
பிரபு வீட்டு விருந்தில்
புட்டும் மீன்குழம்பும் பரிமாறினார்கள்.
கப்பல் தலைவன் சீட்டுக்காசு கட்டாமல்
கடலுக்குத் தப்பி ஓடினான்.
துவாரகன் ஒன்றையும் சந்தேகிக்கவில்லை.
கால் மாற்றினான், அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சனி,
தொப்பி தைக்கும் விதவையின் கதை.
கழுத்துவரை கடன்.
பழுப்புக் கையுறை கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டது.
கடைசி நிமிடம்,
படம் என்றைக்கும் இல்லாத தெளிவு.
சிவப்புக் கம்பளி ஒரு நீலத் துணியை நோக்கி நடந்தது.
துணிக்குள் இறங்கியது.
துணி கொஞ்சம் அசைந்தது,
பிறகு அசையவில்லை.
சின்னக் கம்பளி கரையில் நின்றது.

"என்னடி, சத்தத்தைக் காணேல்லை? என்ன நடக்குது?"

அம்மா இரவு வேலை முடிந்து
இன்னும் வீட்டுக்கு வரவில்லை.
வாசலில் அவள் சப்பாத்து கழற்றுகிற இடத்தில்
நேற்றைய உப்புக்கறை.

"கடை திறந்திட்டாள்" என்றேன்.
"எங்க?"
"ஆத்துக்கு அந்தப் பக்கம்."
"நல்லது" என்று அன்டெனாவை இறக்கினான்.
கை நீலமாய் விறைத்திருந்தது.

இருபத்தெட்டு வருடம்.
இப்போது அவன் பதினெட்டுச் சக்கர லொறி ஓட்டுகிறான்,
அதே எல்லையை வாரம் இருமுறை கடக்கிறான்,
கடவுச்சீட்டோடு.
வழிநெடுக நாவல்களை
யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டு போகிறான்.
கேட்கத்தான் அவனுக்குப் பழக்கம்.

நேற்று இரவு பர்லிங்டனுக்கு வெளியே எங்கேயோ நின்று
தொலைபேசி எடுத்தான்.
"தொப்பிக்காரியின்ர கதை கேட்டு முடிச்சன்.
பதினாலு மணித்தியாலம்."
துடைப்பான் ஒருமுறை போய் வந்தது.
"அவள் கடை திறக்கேல்லை."

"அந்த நேரம் படம் போட்டுது," என்றேன்,
"பனி கொட்டினது."

"பொய்.
நான் அண்டைக்கு மூச்சே விடேல்லை."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
சிங்க்கில் கிடந்த கோப்பையை
கழுவினதையே திரும்பக் கழுவினேன்.
துடைப்பான் போனது, வந்தது.

"சரி," என்றான்,
"கடை எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை. குளிருக்குத் தொப்பி நல்லா விக்குது."

"கையுறையும் வைக்கச் சொல்லு."

முன்னால் நின்ற லொறி நகர்ந்துவிட்டதாம்.
எடை நிலையத்தில் அவன் முறை.